வெளிச்சம் அளக்கிற இடம்

மருத்துவமனைக் கூடத்தில் ஊழியர்களின் வருடாந்தரப் படம் எடுக்கிறார்கள். போட்டோக்காரர் வழக்கம்போல ஒளிமானியை நடுவில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார டாக்டரம்மாவின் கன்னத்தருகே பிடித்து வெளிச்சம் பார்க்கிறார். ஓரத்தில் நிற்கும் கறுப்பின நர்ஸ் காலரை நீவிக்கொண்டே, "போன வருஷப் படத்துல என் பல்லு மட்டும்தான் வந்துச்சு," என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவரைத் தவிர. போட்டோக்காரர் கையை விரிக்கிறார். "உங்க நிறம் அப்படி சிஸ்டர், நான் என்ன பண்ணட்டும்?" "என் நிறத்துக்கு என்ன குறைச்சல்? நீங்க அளக்கிற இடம்தான் சரியில்ல." டாக்டரம்மா மறுபடி தன் கன்னத்தருகே வரும் ஒளிமானியை மெல்ல விலக்குகிறார். "அவங்க முகத்துல அளங்க." "அப்புறம் நீங்க வெளிறிப்போயிடுவீங்க டாக்டர்." "போனா போகுது, அளங்க." போட்டோக்காரர் முணுமுணுத்தபடி சக்கர ஸ்டாண்டில் நிற்கும் விளக்கை நர்ஸ் பக்கம் உருட்டுகிறார், அவர் கன்னத்தருகே அளக்கிறார், பொத்தானை அழுத்துகிறார். எல்லாத் தலைகளும் கேமராவை மொய்க்கின்றன. சின்னத் திரையில் நர்ஸின் கன்னக்குழி, நெற்றி வியர்வை, புருவத்துத் தழும்பு எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. டாக்டரம்மா தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். "அட, நானும் இருக்கேனே!" இப்போதுதான் நர்ஸ் வாய்விட்டுச் சிரிக்கிறார். "நீங்க எங்க டாக்டர் போயிடப்போறீங்க?"