மூலிகைக் குப்பி

"நாப்பது நாளாச்சு மதினி! எம் வீட்டுக்காரரு அந்த வெள்ளை மாத்திரையக் கேட்டு ஒரு சத்தமில்ல, சண்டையில்ல. எல்லாம் இந்த மூலிகை செஞ்ச வேலை." பச்சை லேபிள் ஒட்டிய புதுக் குப்பியை மூக்கம்மாளின் கையில் திணித்தாள் ஆர்த்தி.

இருவரும் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தாள் பிரிக்கிறவர்கள். ஆர்த்தியின் கணவன் தனுஷ்கோடி அங்கேயே ஆப்செட் மெஷின் ஓட்டுகிறான். போன காலண்டர் சீசனில், கண் அசராமல் இரண்டு ஷிப்ட் பார்க்க மாத்திரை போட ஆரம்பித்தவன், சீசன் முடிந்த பிறகும் விடவில்லை. மாத்திரை கிடைக்காத நாளில் அவன் மனுசனாகவே இருக்க மாட்டான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் போனைக் கொண்டுவந்து காட்டினான். "முழுக்க மூலிகையாம். மாத்திரை ஆசையே அத்துப்போகுமாம். கூரியர்ல வரும். வாங்கட்டுமா?"

ஆர்த்தி அழுதே விட்டாள். எந்தப் பெண்தான் அழ மாட்டாள்?

"எம் மவனுக்கும் கேக்குமா தாயி?" என்றாள் மூக்கம்மாள். அவள் மகன் விக்னேஷ்வரன் பட்டாசு லோடு ஏற்றும் லாரி டிரைவர். அவனையும் அதே வெள்ளை மாத்திரைதான் பிடித்து ஆட்டியது.

"எம் புருசனுக்கே கேட்டுச்சு. ஒங்க மவன் எம்மாத்திரம்?"

சிரித்துக்கொண்டே ஆர்த்தி ஒரு தாளை உருவி வேஸ்ட் தாள்களோடு போட்டாள். தனுஷ்கோடியின் மெஷினில், தாளில் மை ஒற்றும் ரப்பரில் எப்போதோ ஸ்பேனர் விழுந்து ஒரு காயம். அது சில தாள்களில் சின்னப் பிறை வடிவில் வெள்ளையாக விழும். அந்தத் தாள்களைக் கண்டுபிடித்து ஒதுக்குவதும் இவர்கள் வேலைதான்.

"இந்தா, ஒன் வீட்டுக்காரரு கையெழுத்து!" என்று மூக்கம்மாளும் ஒன்றை உருவினாள்.

அந்தக் குப்பியைத் தொட்ட எட்டாம் நாள், விக்னேஷ்வரன் சாத்தூர் பக்கம் ஸ்டியரிங்கிலேயே சரிந்தான். லாரி பள்ளத்தில் இறங்கி நின்றது. ஆர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவன் நினைவில்லாமல் கிடந்தான்.

"இதைக் கொடுத்தது யாரும்மா?" மறுநாள் டாக்டர் குப்பியை நீட்டிக் கேட்டார். "டெஸ்ட் பண்ணிட்டோம். இதுல பேருக்குக்கூட மூலிகை இல்லை. எந்த மாத்திரையை விடணும்னு நினைச்சாரோ, அதையே தூளாக்கி அடைச்சிருக்காங்க. அதுவும் ரெண்டு மடங்கு. இதயம் எப்படித் தாங்கும்?"

 ஆர்த்தி அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"அய்யய்யோ! எம் வீட்டுக்காரரும் நாப்பது நாளா இந்த விசத்தையா தின்னுருக்காரு? எந்தப் பாவி இப்படிப் பண்ணான்? அவன் வெளங்குவானா?"

மூக்கம்மாள் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு டாக்டரிடம் குப்பியை வாங்கி அவளிடமே கொடுத்தாள்.

"அவனச் சும்மா விடக்கூடாது தாயி. எவன் போட்டான், எந்த ஊருன்னு அதுல இருக்கும்ல? நல்லாப் பாரு. போலீசுல சொல்லுவோம்."

நாளெல்லாம் தாளைப் பார்த்துச் சலித்த கண், வீட்டுக்கு வந்த குப்பிகளில் ஒன்றைக்கூட இதுவரை உற்றுப் பார்த்ததில்லை. ஆர்த்தி முதல்முறையாக லேபிளை வெளிச்சத்தில் திருப்பினாள். ஊர் இல்லை, பேர் இல்லை. ஒரு பச்சை இலைப் படம் மட்டும். அச்சகத்தில் பிரிக்க வந்த தாள்களில் இந்தப் படத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த இலையின் நுனியில், சின்னப் பிறை வடிவில், வெள்ளையாக, தனுஷ்கோடியின் கையெழுத்து.