நாற்பது துலிப் கிழங்குகள்

“நான், நீங்க, தரை துடைக்கிற அண்ணன், உள்ளே பதினோரு பேர். காலையிலேர்ந்து இவ்வளவு பேர்தான் சார். வேற யாரும் வரல.”

“உள்ளே இருக்கிறவங்க கொண்டு வந்திருக்க மாட்டாங்க. துடைக்கிறவரும் இல்லேங்கிறாரு. அப்ப இந்த வெங்காய மூட்டை தானா நடந்து வந்துச்சா?” என்றார் கண்காணிப்பாளர்.

குளிர் அறையின் மேல்தட்டிலிருந்து அவர் இறக்கிய வலைப்பை மேசைமேல் கிடந்தது. அந்த அறைக்குப் பொறுப்பானவனை அங்கே எல்லோரும் ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் பையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பை வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

வெங்காயம் இல்லை, துலிப் கிழங்கு என்று ஒப்புக்கொண்டான். பனி மூடிய மலைச்சரிவில் பிறந்த செடி. பதினாலு வாரம் விடாமல் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். நடுவில் எடுத்தால் தண்டு நீளாது, இலைக்குள்ளேயே பூ முடங்கிப்போகும். பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டுதான்.

“பதினாலு வாரமா? இங்க யாருமே அவ்வளவு நாள் தங்கினதில்லையேய்யா.”

மூன்று மணிக்குப் புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள், அதற்குள் மூட்டை வெளியே போயிருக்க வேண்டும் என்றார். வருகிறவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றான் ஐஸ். கூட வருகிறவர்கள் சொல்லுவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார்.

ஐஸ் பையை மறுபடி உள்ளே வைத்தான். வெளியே வந்து வெப்பமானியைப் பார்த்தான். நாலு டிகிரி. இரண்டு நடை நடந்துவிட்டு மறுபடி பார்த்தான். அதே நாலு.

கிழங்கைக் கொடுத்தவள் பூக்கடைக்காரி. ஐஸுக்கு முப்பத்தெட்டு வயது. பேசி வந்த மூன்று சம்பந்தமும் கைகூடாமல் போயிருந்தன. நான்காவதாக யாரும் பேசி வரவில்லை. அவனே போய் அவளிடம் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டான். என்ன வேலை என்றாள். குளிர்பதனக் கிடங்கில் என்றான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு நாற்பது கிழங்குகளை எண்ணிப் பையில் போட்டாள். பூ தலைப்பாகை மாதிரி இருப்பதால், தலைப்பாகைக்கான ஒரு பழைய சொல்லிலிருந்துதான் துலிப் என்ற பெயர் வந்ததாம். ஒரு பூவாவது பூத்தால் மற்றதைப் பேசலாம் என்றாள்.

பன்னிரண்டு வாரம் போதுமா என்று மட்டும் கேட்கலாம் என அவளுக்குப் போன் செய்தான். போதாது, அப்படியே வைத்திருங்கள், நானே வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று இவன் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். முகவரிகூடக் கேட்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி. இடம் தெரியாமல் எங்காவது அலைந்துவிட்டுத் திரும்பிப் போகட்டும்.

இருபது நிமிடத்தில் பின்கதவு தட்டப்பட்டது.

ஐஸ்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியோடு அவள் படியில் நின்றாள். ஐஸ் அவசரமாகப் பையை எடுத்து வந்து நீட்டினான். கதவைப் பாதி சாத்தி, மீதியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டான்.

“உள்ளே என்ன இருக்கு?”

“ஆப்பிள்.”

“இந்தப் பன்னிரண்டு வாரமும் ஆப்பிள்தானா?”

“ஆமா. அடுக்கடுக்கா ஆப்பிள்.”

அவள் பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப் படியில் வைத்தாள். பூத்தண்டு நறுக்கும் கத்தியை இடுப்பிலிருந்து உருவினாள். பழுத்த ஆப்பிள் ஒரு வாயுவை விடும், அது பட்டால் கிழங்குக்குள்ளேயே மொட்டு கருகிப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று சொல்லிக்கொண்டே கிழங்கை நெடுக வெட்டினாள்.

நாலு டிகிரிக் காற்று முதுகில் பட்டுக்கொண்டிருந்தும் ஐஸுக்கு வியர்த்தது.

கிழங்கு இரண்டாகப் பிரிந்தது. வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே இளமஞ்சள் குருத்து. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முழுப் பூ, இதழோடும் மகரந்தத் தாளோடும் உட்கார்ந்திருந்தது. எங்கேயும் கருகல் இல்லை.

“மொட்டு உயிரோட இருக்கு. அப்ப பொய் சொல்றது யாரு, கிழங்கா நீங்களா?”

ஐஸ் தரையைப் பார்த்தான். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்ததாகச் சொல்ல வாயெடுத்தான். பூ வளர்ந்தாலும் இனி ஒன்றுதான், வளராவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றியது.

அவள் மீதி முப்பத்தொன்பதையும் பெட்டிக்குள் அடுக்கினாள். மூடியை அழுத்தி மூடினாள். ராத்திரியில் அணைத்துவிடும் கடைக் குளிர்பெட்டியை இந்த இரண்டு வாரமும் அணைக்காமல் ஓடவிடுவதாகச் சொன்னாள். பூத்ததும் கடைக்கு வந்து பார்க்கச் சொன்னாள்.

ஐஸ் நிமிர்ந்தான். “நான் எங்க வேலை பாக்கறேன்னு உங்களுக்கு...”

“பழம் இல்லாத குளிர் அறை இந்த ஊர்ல இது ஒண்ணுதான். அது தெரிஞ்சுதான் உங்ககிட்ட குடுத்தேன்,” என்றாள். “போன வருஷம் இந்தக் கதவு வழியாத்தான் எங்கப்பாவைக் கொண்டுவந்து குடுத்தீங்க. அவர் கால் கட்டைவிரல்ல கட்டியிருந்த நம்பர் சீட்டை அவுத்ததும் நீங்கதான். அன்னிக்கும் இப்படித்தான் தரையையே பாத்துக்கிட்டு நின்னீங்க.”

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். ஐஸ் பிணவறையின் பின்கதவைச் சாத்திப் பூட்டினான்.