மூன்றாவது குதிப்பு

ஆய்வகத்து அக்கா இறந்து பதினொரு நாள் ஆகிறது. மலையிலிருக்கும் நிலநடுக்கக் கருவியைச் சோதித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜீப் உருண்டுவிட்டது.

கருவி சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, அதன் பக்கத்தில் நின்று மூன்று முறை குதிப்போம். அக்காவுக்கு முழங்கால் வலி. மூன்றாவது குதிப்பு எப்போதும் சிறியதாகத்தான் பதியும்.

அன்றிலிருந்து மலையில் கருவி இருக்கும் அறை பூட்டிக் கிடக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்கு வரும் அதன் பதிவில், தினமும் காலை பத்தேகாலுக்கு, அன்று அக்கா குதித்த அதே நேரத்துக்கு, மூன்று அதிர்வுகள் நேர்க்கீழிருந்து வருகின்றன. மூன்றாவது சிறியது. கணக்குப் போட்டால் ஆழம் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பழைய கடலடித் தட்டு ஒன்று அமிழ்ந்து கிடக்கும் இடம்.

நான் நீட்டிய பதிவுத் தாளைப் பேராசிரியர் தள்ளி வைத்தார்.

“மனுஷன் குதிச்சா அவ்ளோ ஆழம் போகுமாம்மா? எலி ஏதாவது பூந்திருக்கும். நாளைக்கு உன் முறைதானே, போய்ப் பாத்துட்டு வந்துரு.”

“அன்னிக்கும் என் முறைதான் சார். தலைவலின்னு பொய் சொல்லி அக்காவ அனுப்பினேன்.”