மீன் விடாத தொட்டி

உயிர் என்னும் மகா ரகசியமே பாக்டீரியாவில் அடங்கியிருப்பதாக அறிவித்துவிட்டு, கல்பாத்தி ரசாயன லெக்சரர் பஞ்சாபகேசன் புதிய கண்ணாடித் தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பினார். நல்ல பாக்டீரியா பெருகும்வரை, ஒரு மாதத்துக்கு மீன் விடக்கூடாது. அதுவரை பாக்டீரியாவுக்கு உணவாக அழுகட்டும் என்று தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி தூவினார். தீனி அழுகவில்லை. ஒரு மணி நேரத்தில் காணாமல் போனது.

"கேட்டேளா, இன்னும் கொஞ்சம் போடுங்கோ. ஏழுக்கும் பத்தலை," என்றாள் மனைவி ராமலட்சுமி.

"மீனே விடலையேடி."

"நன்னாருக்கு. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கோங்கோ."

ஞாயிறன்று பிரின்சிபால் வந்தார். துறைத் தலைவர் பதவி யாருக்கு என்பது அவர் கையில் இருந்தது. தொட்டியருகே குனிந்து விரல்விட்டு எண்ணினார்.

"ஏழு. பேஷ். பேரெல்லாம் என்ன மாஷே?"

பஞ்சாபகேசனுக்குத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. ஏழுக்கும் லத்தீனில் பெயர் சொன்னார்.