பாட ஆளில்லாத பாட்டு

அலுவிகாரை என்ற ஊரில் பலீலின் மிளகுக் கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. கடலில் அலைச்சறுக்கு விளையாடுவோர் கொண்டாடிய கிட்டார் இசையின் மோகம் அடங்கிய பிறகு யாரோ வாசித்து, உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட ராக் இசை பழைய கேசட்டில் ஓடுகிறது. மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏறுவதுபோல ஒற்றைக் கிட்டார் ஏறிக்கொண்டே போகிறது. என்ன கை அது! "பாட ஆளே இல்ல, இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று தினமும் கேட்கும் மனைவி நூருன்னிஸா சுளகில் மிளகு புடைக்கிறாள். கிட்டார் உச்சியைத் தொடப்போகும் நேரம் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. பலீல் சட்டென்று கேசட்டை நிறுத்துகிறார். பாங்கு முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு தொழப் புறப்படுகிறார். பாங்குக்காக நின்ற நூருன்னிஸாவின் சுளகு மட்டும் இன்னும் அசையவில்லை. "ஜமாஅத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்குங்க. அந்தக் கிட்டார் மனுஷன் மேலேயே நிக்கிறாரு, இறக்கி விட்டுட்டுப் போங்க."