வெங்காயச் சாறு

"வெங்காயம் எதுக்குங்க? பால்ல எவ்வளவு புளிப்பு ஏறியிருக்குன்னு பாக்கச் சொன்னா, தாளிக்க வந்த மாதிரி இருக்கே?"

கேட்டவன் பக்கத்து மேசைக்காரன். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவனாம். யாரும் கேட்காமலே சொல்லிவிட்டான். தேர்வுக்குக் கடைசி ஆளாக ஓடி வந்ததே பெரிசு, அதற்குள் அடுத்தவள் மேசையில் மூக்கை நுழைத்தாயிற்று.

அதிகாரியிடம் அனுமதி வாங்கியாயிற்று என்று சொல்லி அவள் சிரித்தாள்.

பால் பண்ணையின் பரிசோதனைக்கூடத்தில் இருந்ததே ஒரு வேலை. இதற்கு முன் போன இடங்களில் அவளை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் அதிகாரி, "இது உனக்குச் சரிப்பட்டு வராதும்மா" என்றுதான் ஆரம்பித்தார். அண்ணி விடவில்லை. படித்துப் பட்டம் வாங்கியவளுக்குப் பரீட்சை எழுதக்கூடவா உரிமையில்லை என்று சண்டை போட்டு உள்ளே தள்ளிவிட்டாள். இதுவும் போனால், ஆயுசுக்கும் அண்ணன் வீட்டு மூலைதான்.

எல்லோருக்கும் ஒரே பால். அதில் நிறங்காட்டிச் சொட்டு விட்டு, கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அமிலம் தீர்ந்ததும் பால் வெளிர் ரோஜா நிறமாகும். செலவான காரத்தை வைத்து அமிலத்தைக் கணக்கிடலாம்.

அவள் நிறங்காட்டிக்குப் பதில் வெங்காயச் சாறு விட்டாள். காரம் மிஞ்சினால் வெங்காய வாசம் செத்துப்போகும். காரத்தை இறக்க, அழுத்தினால் 'டிக்' என்று ஒரே அளவாக ஒரு சொட்டு விழும் கைப்பம்பு கொண்டுவந்திருந்தாள்; டிக்குகளை எண்ணினால் செலவான அளவு தெரிந்துவிடும். டிக், ஒரு குலுக்கு, ஒரு மோப்பம். தங்கப் பதக்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது. ஜன்னலில்லாத அறை. ஜெனரேட்டரும் கைவிரித்தது. செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ரோஜா நிறம் வந்ததா போனதா என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள்.

டிக். டிக். அந்தச் சத்தம் மட்டும் நிற்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது.

"முடிஞ்சது சார். புள்ளி ஒண்ணு நாலு சதவீதம்."

விளக்கு வந்தது. குழாயை மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டிருந்தான் தங்கப் பதக்கம். அவன் பால் முழுக்கச் சிவந்து கிடந்தது. காலையில் இயந்திரம் காட்டிய அளவை அதிகாரி எடுத்துப் பார்த்தார். அதே புள்ளி ஒண்ணு நாலு.

"சரிப்பட்டு வராதுன்னு சொன்ன வாய் இது" என்று தன் வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டார். "நாளைக்கே வந்து சேர்ந்துடும்மா."

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. வாசலில் நிற்கும் அண்ணியிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"எப்படிங்க, அந்த இருட்டுல?" தங்கப் பதக்கத்துக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் பைக்குள் கைவிட்டு, மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலை எடுத்து விரித்தாள்.

"எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கரண்ட் கிடையாதுங்க. இன்னிக்குத்தான் எல்லாருக்கும் சமமாப் போச்சு."