ஏழு வருட மூச்சு

இன்றோடு வேலையிலிருந்து விடுதலை என்று நம்பித்தான் இசக்கியப்பன் துறைமுக வாசலில் இருந்த மூச்சுச் சோதனைக் குழாயில் ஊதினார். வயது அறுபத்தொன்று, முழங்கால் இரண்டும் வலி. ஆனால் ஓய்வை முடிவு செய்வது வயதல்ல, அந்தக் குழாய்தான்.

"வாழ்த்துகள்! புகையை விட்டதால் உங்கள் நுரையீரல் நன்றாகத் தேறியிருக்கிறது. இன்னும் ஏழு வருடம் வேலை செய்யலாம்," என்றது குழாய்.

பின்னால் நின்ற கூட்டாளி மிக்கேல் இருமிக்கொண்டே சிரித்தார். அவருக்குப் போன வாரமே ஓய்வு கிடைத்துவிட்டது; கணக்கு முடித்துப் பணம் வாங்க வந்திருந்தார்.

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டு பீடியை விட்டீருல்லா வே? அனுபவியும்! இந்தாரும், இப்பமாவது ஒண்ணு இழும்."

இசக்கியப்பன் பீடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிரேன் ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் காதுக்கருவியில் மனைவி பேச்சியம்மாள் கூப்பிட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஏழு வருஷமாம். என்னால முடியலட்டி."



"இப்ப எங்க நிக்கீய?"

"நிக்கலை. ஏணியில ஏறிக்கிட்டிருக்கேன்."

"ஏறிக்கிட்டேயா பேசுதீய? மூச்சே வாங்கலையே!"

அவர் ஏணியிலேயே நின்றார். கீழே, பின்னாலேயே வந்திருந்த மிக்கேல் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவது தெரிந்தது. பையிலிருந்த பீடியை எடுத்துக் கடலில் போட்டார்.

"மெதுவா ஏறுங்க," என்றாள் பேச்சியம்மாள். "ஏழு வருஷம் கிடக்குல்லா."